மில்லடிக்குப் பெயர் வந்த கதை

எங்கள் ஊருக்கு ஒரு வரலாற்று மலர் வெளியிடப் போகிறார்கள் என்று மருமகன் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோசம்தான். அச்சுக்குப் போகுமுன் ஊர்ப் பெரியவர்கள் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்ட தாள்கட்டு அவர் கையில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதிரையை வெளிச்சத்துக்கு இழுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதலில் ராசாக்கள் வந்தார்கள். குளம் கட்டினார்கள். பிறகு பறங்கி வந்தான், ஒல்லாந்தன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். எல்லாரும் வந்து போய் முடிந்த பிறகு, எங்களுக்கென்று ஒரே ஒரு வரி கிடந்தது: "இவ்வூர் மக்கள் விவசாயத்துடன் சிறு வணிகத்திலும் ஈடுபட்டு வருகின்றனர்."

சிறு!

கண்டி வீதியில் பகலில் நாய்கூட நிற்காத வெட்டையில் தகரக் கொட்டில் போட்டு அரிசி மில் வைத்தவன் நான். தம்பலகாமத்து வயல்களின் நெல் என் மில்லில் அரிசியாகித்தான் திருகோணமலைச் சந்தைக்குப் போனது. அது சிறு வணிகம் என்றால் பெரிய வணிகம் எது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனாலும் ஒரு சொல்லில் உள்ள இளக்காரம் விளங்காத அளவுக்கு மடையன் இல்லை.

அதையாவது பொறுத்திருப்பேன். அடுத்த பந்திதான் வயிற்றில் நெருப்பு வைத்தது. ஊரின் நடுவில் உள்ள சந்தி, ஆங்கிலேயர் காலத்தில் நாட்டிய மைல்கல்லின் அருகில் அமைந்ததால் மைலடி எனப் பெயர் பெற்றதாம். பிற்காலத்தில் பேச்சு வழக்கில் அது மில்லடி என்று மருவியதாம்.

மருவியதாம்!

வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை ஒட்டியிருக்கும் இடத்தை அதன் 'அடி' என்போம். ஆலமரம் நின்றால் ஆலடி. கோயில் இருந்தால் கோயிலடி. என் மில் இருந்த இடம் மில்லடி. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, காது இருந்தால் போதும்.

மலரில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே நாட்களில்தான் சந்தியில் புதிய பஸ் தரிப்பிடம் எழும்பிக்கொண்டிருந்தது. சீமெந்துத் தூண், தகரக் கூரை, இருப்பதற்கு வாங்குப் பலகை. நெற்றியில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை. அந்தப் பலகைக்கு உரிய பெயரை மலர்க்குழு சொல்லும், அதை எழுதுவார்கள் என்று ஏற்பாடு. மைலடி என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு யார் மாற்றுவது? நான் கண்ணை மூடிய பிறகு, இந்தச் சந்தியை உண்டாக்கியது ஒரு கல் என்றல்லவா பிள்ளைகள் படிப்பார்கள்? வெயிலுக்கும் மழைக்கும் சும்மா நின்ற கல்!

அன்று பின்னேரமே மலரைத் தொகுத்தவரின் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற மாஸ்டர். எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கே படிப்பித்தவர். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன்.

"வாங்கோ முதலாளி, இருங்கோ. மலர் பாத்தீங்களோ?"

"பாத்தன். ஆர் உங்களுக்கு மைல்கல் எண்டு சொன்னது?"

"பழைய வரைபடத்தில கல்லு குறிச்சுக் கிடக்கு முதலாளி."

"மாஸ்டர், நாங்கள் எந்தக் காலத்தில மைல்கல் எண்டு சொன்னனாங்கள்? கட்டை எண்டெல்லோ சொல்லுறது. கல்லாலதான் பேர் வந்ததெண்டால் கட்டையடி எண்டெல்லோ வந்திருக்க வேணும்?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். நான் விடவில்லை. கண்டிப் பஸ்ஸில் வரும் சிங்களக் கொண்டக்டர்மார் அந்தக் காலத்தில் இந்த இடத்தில் "மோல லங்க" என்றுதான் கத்துவார்கள். மோல என்றால் மில், லங்க என்றால் கிட்ட. கட்டைக்கு அவர்களிடம் கணுவ என்று வேறு சொல் இருக்கிறது. "அவங்களுக்கே விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கோவிக்காதேங்கோ முதலாளி. மில் எண்டு போட்டால் நேற்று முளைச்ச ஊர் மாதிரிக் கிடக்கும். கனடாவில, லண்டனில எங்கட பிள்ளையள் வாசிப்பினம். ஊருக்கு ஒரு பழமை வேணுமெல்லோ?"

"பழமை வேணுமெண்டால் என்ர படத்தைப் போடுங்கோ. எனக்கு எண்பது வருது."

சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கதைப்பதுபோலச் சொன்னார்: "உங்கட மில்லுக்கு நீங்களே சாட்சி சொல்ல ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில கூட்டம். வேற ஆராவது எழும்பிச் சொல்லட்டும். சபை ஏற்றால் நான் மாத்துறன்."

என் மில்லுக்கு நான் சாட்சி இல்லையாம். பெற்ற தகப்பனைப் பார்த்து, பிள்ளைக்குச் சாட்சி சொல்ல வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்பதுபோல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே கதைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மில் எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியுமா? நான் இளந்தாரியாக இருந்தபோது திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். முதுகில் கோதுமை மா, காதில் இஞ்சின் சத்தம். மூதூருக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய ஒரு லாஞ்ச் அங்கே வந்து நிற்கும். வேலை இல்லாத நேரத்தில் அதற்குள் இறங்கி, எண்ணெய் துடைத்துக் கொடுத்து, எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் படிப்பித்துத் தரவில்லை. அந்த லாஞ்ச் உக்கிப்போய் இரும்புக்கு உடைக்க வந்தபோது, எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள், நான் இஞ்சினைப் பார்த்தேன். கெஞ்சிக் கூத்தாடி, கைச்சேமிப்பைக் கொட்டி வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கப்பல்துறை தாண்டும்போது சனம் வீதிக்கு வந்து பார்த்தது. கடலில் ஓடிய இஞ்சினை வயற்கரையில் ஓட்டியவன் இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்தால் வந்து சொல்லட்டும்.

அதில் ஒரே ஒரு விசயம். கடலில் இருந்தபோது அந்த இஞ்சினைக் கடல் தண்ணீரே குளிரப் பண்ணும். தரையில் கடலுக்கு எங்கே போவது? பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டினேன். தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இஞ்சினுக்குள் போய்ச் சுற்றிவிட்டு வரும். மாரியில் ஒரு குறையும் இல்லை. கோடையில், சிறுபோக வெட்டு முடிந்து ஊரே நெல்லோடு வந்து நிற்கும் நேரத்தில்தான் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அப்போது இஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். அது பழுது இல்லை. இளைப்பாறல்.

மில்லைச் சுற்றித்தான் மற்றக் கடைகள் எல்லாம் வந்தன. நெல் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு தேத்தண்ணிக்கடை. மூட்டைப் பாரத்தில் சைக்கிள் ரயர் வெடித்தால் ஒட்டுவதற்கு, கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் நானா மில் சுவரோடு பெட்டியை வைத்துக் குந்தினார், அது பெரிய சைக்கிள் கடையாகியது. என் உமியை ஏற்றிப்போய்த்தான் கற்சூளை எரிந்தது. என் தவிட்டைத் தின்றுதான் எருமைகள் பால் கறந்தன, அந்தப் பாலில்தான் வீதியோரத் தயிர்க் கடைகள் வந்தன. இன்று கண்டியில் இருந்து வருகிற வான்காரர்கள் எல்லாம் நிறுத்திச் சட்டித் தயிர் வாங்குகிறார்களே, அதற்கும் ஆதி என் மில்தான். இதைத்தான் சிறு வணிகம் என்கிறார்கள்.

பிறகு சண்டை வந்தது. எல்லாரையும்போல நாங்களும் ஓடினோம். திரும்பி வந்தபோது கூரைத் தகரமும் இல்லை, இஞ்சினும் இல்லை. தொட்டி மட்டும் நின்றது. அதைத் தூக்க யாருக்கும் ஏலாமல் போயிருக்கும். அந்த இடத்திலேயே கொட்டிலைத் திரும்பவும் போட்டேன். இப்போது மின்சார மோட்டரில் மருமகன் ஓட்டுகிறார். அரிசியும் குத்துகிறோம், மாவும் மிளகாய்த் தூளும் அரைக்கிறோம். ஆகவே மில் செத்துப்போய்விட்டது என்று யாரும் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை. நான் கேட்டது பெயரை மட்டும்தான்.

சாட்சிக்கு ஆளைத் தேடினேன். தேத்தண்ணிக்கடைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். சைக்கிள் கடை நானாவும் மௌத்தாகிவிட்டார். என் மனைவி இருந்திருந்தால் எனக்காக வாசிகசாலைக் கூரையைக் கிழித்திருப்பாள். அவளும் இல்லை. எஞ்சியது சந்தியில் தயிர் விற்கும் பெண் ஒருத்திதான். அவளுடைய தாய் என் மில்லுக்குத் தவறாமல் வந்தவள். தாயோடு நெல் சுமந்துகொண்டு இவளும் வருவாள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாய் மட்டும் அன்றுபோலவே.

காலமை வெள்ளெனவே போனேன். சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணை, முகம் புளிச்சுக் கிடக்கு? தயிர் என்ர கடையிலயெல்லோ புளிக்க வேணும்."

விசயத்தைச் சொன்னேன். கூட்டத்தில் எழும்பி, இந்தச் சந்தி என் மில்லால்தான் வந்தது, கடைகள் எல்லாம் மில் ஓடியதால்தான் வந்தன என்று நாலு வார்த்தை சொல்லச் சொன்னேன்.

"மில் ஓடினதாலயோ?" கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணை, சத்தியமாச் சொல்லுங்கோ. மில் ஓடியிருந்தால் சனம் நெல்லைக் குத்திக்கொண்டு வீட்டை போயிருக்கும். உங்கட மில் ஓடாததாலதானே சனம் நிண்டது? நிண்டதாலதானே தேத்தண்ணி குடிச்சது?"

"என்ன கதை கதைக்கிறாய் நீ?"

"காலமை நெல்லைக் கொண்டந்து வைச்சால் பொழுது சாயத்தான் அரிசி. நடுவில டப்பெண்டு நிண்டிடும். 'இஞ்சினுக்குக் கடல் ஞாபகம் வந்திட்டுது' எண்டு அம்மா சொல்லுவா. ஊர் முழுக்க அந்தக் கதைதானே. ஆராவது வேலையை விட்டிட்டு வாய் பாத்துக்கொண்டு நிண்டால் இண்டைக்கும் நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது, கடல் ஞாபகம் வந்திட்டுது எண்டு."

எனக்குத் தெரியாமல் இல்லை. என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வரலாற்றுக்குள் அதையா கொண்டுபோய் வைப்பது?

"நீ ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்றேன். "வீட்டிலயே இரு."

"தயிர் வேண்டாமோ?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை நிறைந்துவிட்டது. பெயருக்காக வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பற்றீசும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள் என்று கதை அடிபட்டிருந்தது. நான் வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் இருந்தேன். மாஸ்டர் மைல்கல் கதையை வாசித்தார். பிறகு என்னைக் கதைக்கச் சொன்னார். கதைத்தேன். துறைமுகத்தில் தொடங்கி, லாஞ்ச், இஞ்சின், லொறி, கப்பல்துறை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அருமையாகத்தான் கதைத்தேன். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது இளம் ஆட்கள் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் நித்திரை.

"நன்றி முதலாளி. வேற ஆராவது?" என்றார் மாஸ்டர்.

ஒருவரும் எழும்பவில்லை. என் அரிசியைத் தின்று வளர்ந்த சனம்! தேத்தண்ணி வருகிற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப மைலடி எண்டே..." என்று மாஸ்டர் பேனையை எடுத்தார்.

"பொறுங்கோ மாஸ்டர்."

தயிர்க்காரி. வர வேண்டாம் என்று நான் சொல்லியும் வந்து பெண்கள் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

"நான் முதலாளியைப் புகழுறதுக்கு எழும்பேல்லை" என்று தொடங்கினாள். "உள்ளதைச் சொல்லுறன். அவற்ற இஞ்சின் கோடையில ஒரு நாளும் ஒழுங்கா ஓடினதில்லை."

நான் துள்ளி எழும்பினேன்.

"இருங்கோ அண்ணை. நீங்கள் கதைச்சு முடிச்சிட்டீங்கள்."

சபை சிரித்தது. நித்திரை கொண்டவரும் எழும்பிவிட்டார். பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எனக்கென்று இருந்த சாட்சி இவள் ஒருத்தி. இவள் சொல்வது பொய் என்று நான் சொன்னால் மில்லும் பொய் என்றாகிவிடும். மாஸ்டரின் பேனை திறந்தபடியே இருந்தது. பெயர் வேண்டுமென்றால் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். இருந்தேன். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"இஞ்சின் நிண்டால் என்ன செய்வம்? வாளியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடுவம். அள்ளிக்கொண்டந்து தொட்டிக்குள்ள ஊத்துவம். சூட்டுத் தண்ணியை வெளியில இறைப்பம். அது ஆறுமட்டும் நிழலுக்குள்ள இருப்பம். அதில வைச்சுத்தான் கலியாணம் பேசினது, சீட்டுப் பிடிச்சது, சண்டை பிடிச்சது. 'எங்க போறாய்?' எண்டு கேட்டால் 'மில்லடிக்கு' எண்டுதான் சொல்லுறது. சனம் காத்துக்கொண்டு இருந்த இடம் அது. கல்லடியில போய் ஆர் இருந்தது?" அவள் சபையைச் சுற்றிப் பார்த்தாள். "அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தின ஆக்கள் இதில ஆர் ஆர்? கையைத் தூக்குங்கோ பாப்பம்."

முதலில் பெண்கள் பக்கத்தில் ஒரு கை எழும்பியது. வளையல் இல்லாத மெலிந்த கை. பிறகு இன்னொன்று. அதன்பிறகு நரைத்த தலை இருந்த பக்கமெல்லாம் கை. "என்ர கொள்ளிக்கண்ணால அந்தத் தொட்டி நிரம்பவே மாட்டுது எண்டு மாமி பேசினவா" என்று யாரோ சொல்ல, "வாளியில ஓட்டையெல்லோ" என்று இன்னொருத்தி சொல்ல, சபை கலகலத்தது. நான் துறைமுகத்தில் இருந்து இழுத்துவந்து சொன்ன கதைக்குத் தூங்கிய சனம், வாளித் தண்ணீர்க் கதைக்கு உயிர்த்துவிட்டது!

"மாஸ்டர், உங்கட கை எங்க?" என்று அவள் கேட்டாள். "உங்கட அம்மாவோட நீங்களும் வந்தனீங்கள்தானே?"

"வந்தனான்" என்றார் மாஸ்டர். "போட்டிருந்த சேட்டை நனைச்சதுக்கு அடியும் வாங்கினனான்." பேனை இருந்த கையையே தூக்கினார்.

அதோடு கதை முடிந்தது. மைலடியை வெட்டி மில்லடி என்று எழுதினார். தேத்தண்ணி வந்தது. எல்லாரும் என்னிடம் வந்து கையைப் பிடித்தார்கள். என்னை வாழ்த்தவில்லை, என் இஞ்சினைக் கேலி பண்ணினார்கள்.

இப்போது தரிப்பிடத்தில் பலகை நிற்கிறது. மில்லடி. நல்ல கறுப்பு எழுத்து. மலரும் வந்துவிட்டது. அதில் மாஸ்டர் எழுதியிருப்பதைப் பாருங்கள்: "ஊர் மக்கள் நீர் ஊற்றி இயக்கிய அரிசி ஆலை ஒன்று இவ்விடத்தில் இருந்தமையால் மில்லடி எனப்பட்டது."

ஊர் மக்கள் இயக்கியதாம். ஆலை ஒன்றாம். இருந்ததாம்! இஞ்சினை யார் கொண்டுவந்தது? தொட்டியை யார் கட்டியது? இன்றைக்கும் அதே இடத்தில் ஓடுகிற மில்லை இருந்தது என்று எழுத எப்படி மனம் வந்தது? போய்க் கேட்டேன். "சபை ஏற்றதைத்தானே முதலாளி எழுதினனான்" என்றார். சபைக்குக் கொண்டுபோனது என் பிழை என்று சொல்லாமல் சொல்கிறார். அதனால்தான் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருக்கலாம், விசயத்தில் பிழை இல்லை. தண்ணீர் ஊற்றினார்கள், ஓம். ஊற்றுவதற்கு ஒரு இஞ்சின் வேண்டும். அது என்னுடையது. இதை யாரும் மருவவிடக் கூடாது.

போன கிழமை திருகோணமலைக்குப் போக வேண்டியிருந்தது. தரிப்பிடத்துக்குப் போய், பலகையில் எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று திரும்பவும் ஒருமுறை பார்த்தேன். பஸ் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. "மில்லடி! மில்லடி!" என்று கத்தி ஆட்களை இறக்கிய கொண்டக்டர், "ஐயா, ஏறுறீங்களோ இல்லையோ?" என்று கேட்டிருக்கிறான். அதுவும் காதில் விழவில்லை. தயிர்க்கடையில் இருந்து வந்த குரல்தான் விழுந்தது.

"கொஞ்சம் பொறு தம்பி. அண்ணைக்குக் கடல் ஞாபகம் வந்திட்டுது. ஒரு வாளி தண்ணி ஊத்தினால் ஓடுவார்."

கொண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்த கிழவிகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாருடைய கையும் தண்ணீரும் இல்லாமல், கம்பியைப் பிடித்து நானாகவே ஏறினேன்.